ஏழாவது நிலையத்தின் அம்பு

கருவியை மூடியிருந்த பஞ்சுப் பெட்டியைத் தூக்கியதும் அம்பைப் பார்த்தேன். நிலநடுக்கமானியின் தலையில் செதுக்கியிருக்கும் அம்பு. அது வடக்கைக் காட்ட வேண்டும். காட்டவில்லை.

நாலடி தள்ளி நின்று திசைகாட்டியைப் பிடித்தேன். வடக்கிலிருந்து மேற்கே அறுபத்தாறு டிகிரி. வெளியே போய்விட்டு வந்து மறுபடி பிடித்தேன். அறுபத்தாறு.

என் ஆய்வு தொடங்கிய பிறகு இந்த மூன்று வருடங்களில் இந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. திறந்தால் பதிவு குலையும். இன்று கருவியை மாற்றவேண்டிய நாள் என்பதால்தான் பாடாங் நகரத்திலிருந்து வந்திருந்தேன்.

எங்களுக்கு ஏழு நிலையங்கள். ஆழத்தில் சூடான பாறை மெல்ல நகரும் திசையை ஆறு நிலையங்கள் ஒரே மாதிரி சொல்லின. சிங்காராக் ஏரிக்கு மேலிருக்கும் இந்த ஏழாவது மட்டும் அறுபத்தைந்து டிகிரி விலகிச் சொன்னது. பூமிக்குள் அமிழும் கடல்தட்டு இங்கே கிழிந்திருக்கிறது, கிழிசல் வழியாகப் பாறை திரும்பி ஓடுகிறது என்று எழுதினேன். என் முனைவர் பட்ட ஆய்வேடே அதுதான். செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு.

அறைச் சாவி பக்கத்துத் தொழுகைக்கூடத்தைப் பெருக்கும் நெல்மாவிடம் இருக்கும்; இன்றும் அவர்தான் திறந்துவிட்டு நின்றார். அக்கா முறையில் ஊரே அவரை உனி என்றுதான் கூப்பிடும்.

“உனி, இதை யாராவது நகத்தினாங்களா?”

“நான்தான். நீ வர்றதுக்கு முந்தின வருஷம் மழைத்தண்ணி உள்ள வந்துச்சு. தூக்கித் துடைச்சு வெச்சேன்.” குரலில் பெருமை. “உங்க இன்ஜினியர் செஞ்ச மாதிரியே மட்டம் பாக்கிற குமிழி நடுவுல நிக்கிற வரைக்கும் திருகினேன். ஆனா அவன் வெச்சது கோணலா இருந்துச்சு. நான் தொழுற திசைக்கு, கிப்லா பக்கம் நேரா வெச்சேன். பூமிய கவனிக்கிற பொருளு, ஏனோதானோன்னு வைக்கலாமா?”

தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன தடவை பக்கத்துத் தொழுகைக்கூடத்தில் நானும் அதே திசை நோக்கித்தான் தொழுதேன்.

“என்னடி ரெஸ்தி, மூஞ்சி வெளுத்துப் போச்சு? காலையில சாப்பிடலியா? படிச்சவளுங்களே இப்படித்தான்.”

“அம்பு வடக்க பாக்கணும், உனி.”

கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “அப்ப நான் வெச்சது தப்பா?”

“நாங்க எழுதி ஒட்டியிருக்கணும். ஒட்டல.”

“ரொம்பத் தப்பா?”

கைபேசியை எடுத்தேன். அவர் போய்விட்டார். அம்பையும் திசைகாட்டியையும் படமெடுத்தேன். பேராசிரியருக்கு எழுதினேன்: ‘ஏழாவது நிலையத்தின் கருவி அறுபத்தாறு டிகிரி திரும்பியிருக்கிறது. திருத்தினால் மற்ற ஆறுடன் ஒத்துப்போகிறது. தட்டு கிழியவில்லை.’

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அழித்துவிட்டுப் பெட்டியை மூடினால் யாருக்கும் தெரியாது.

உனி வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிச் சோறு லாமாங்குடன் வந்து எதிரே குந்தினார். “சாப்பிடு. அப்புறம் ரெண்டு பேருமா வடக்க திருப்பிருவோம்.”

அனுப்பினேன். உனி இலையைப் பிரித்துக் கொடுத்தார்.