கைராசியும் இரண்டு அண்டாவும்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு என் வலது கையை நம்பி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு அரிவாள்மனையில் விரல் வெட்டிக்கொண்ட நாளில்தான் அது வெளியே தெரிந்தது. அரைத்த மாவில் உப்பைப் போட்டுக் கலக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இடது கையில் ஒரு ருஷ்ய நாவல் இருந்ததால் வலது கையை மட்டும் கொடுத்தேன். நாவலில் ஒரு பண்ணையார் பக்கம் பக்கமாகச் செத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று நானும் கலக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் மாவு மூடியைத் தள்ளிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, சிலிண்டரைச் சுற்றி வளைத்திருந்தது.

“எங்க லோகு கை பட்டா மாவு எகிறிக்கினு வருது” என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். அவள் பெயர் வசந்தா. அவளிடம் சொன்னால் மைக் செட் தேவையில்லை. முதலில் எதிர்வீட்டு நாகம்மா அக்கா கூப்பிட்டாள். பிறகு எல்லோரும். மார்கழிக் குளிரில் வீடு வீடாகப் போய்க் கையை விட்டுவிட்டு வருவேன். டாக்டருக்குக் கொடுப்பதைப் போல எனக்கும் கை கழுவச் சொம்பில் தண்ணீர் தந்தார்கள்.

இந்தப் புகழ் எனக்குத் தேவைப்பட்டது. நான் பட்டம் வாங்கியும் வேலைக்குப் போகாதவன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்து மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பவன். அந்த நாவல்களிலும் யாரும் வேலைக்குப் போவதில்லை, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்க்கிறார்கள். கோயில் கமிட்டித் தலைவர் அழகேசனுக்கு இது பொறுக்கவில்லை. அவர் தம்பிக்குத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை இருந்தது.

“பையன பட்டறையில சேத்துவுடு வசந்தா. ஆம்பள புள்ள, புக்க வெச்சிகினு மல்லாந்து கெடக்குறான்.”

“அவன் கை மிஷின்ல மாட்டிக்கினா தெருவுக்கு யாரு அண்ணாத்தே மாவு கலக்குறது?” என்றாள் அம்மா.

அழகேசன் வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் வீட்டு மாவையும் நான்தான் கலக்கினேன்.

இப்படி என் கை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுக்குக் கிருஷ்ணப்பிரியா குடிவந்தாள். நாமக்கல்காரி. ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. வந்த வாரமே அவள் வைத்த இட்லி மாவு பொங்கவில்லை என்று தெரிந்து, அம்மா என்னை மேலே அனுப்பினாள், கேஸ் ரிப்பேருக்கு ஆள் அனுப்புவது போல.

அவள் சமையலறையில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் சிவந்த முட்டைக்கோஸ். ஒன்றில் பீட்ரூட் தண்ணீர். ஒன்றில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் மிதந்தன. மாவுப் பாத்திரம் மட்டும் உள்ளறையில், ஏசிக்கு நேர் கீழே இருந்தது.

“புளிக்க வெக்கிறதுல இப்பத்தானுங்க இறங்கியிருக்கேன்” என்றாள். “எதுவும் வெடிக்கல இன்னும்.”

“இது கிம்ச்சி, கொரியா ஊறுகா. அது க்வாஸ்” என்றேன்.

“அட! சாப்ட்டிருக்கீங்களா?”

“படிச்சிருக்கேன்.”

உண்மை. உலகத்தில் புளிக்கும் பாதிப் பொருள்களின் பெயர் எனக்குத் தெரியும். எல்லாம் அடிக்குறிப்பில் பார்த்தவை. ‘க்வாஸ்: ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் ருஷ்யப் பானம்.’ மொழிபெயர்ப்பாளர் அதோடு நிறுத்திக்கொள்வார். நாக்கில் பட்டால் எப்படியிருக்கும் என்று எந்த அடிக்குறிப்பும் சொன்னதில்லை.

அவள் ஒரு கரண்டி கிம்ச்சி கொடுத்தாள். முதலில் காரம், பிறகு புளிப்பு, அதன் பின்னால் சோடா குடித்தது போல ஒரு சுருக். முட்டைக்கோஸ் என் வாயில் எதிர்த்துப் பேசியது. இரண்டாவது கரண்டி நானே கேட்டு வாங்கினேன்.

“கஷ்டம் ஒண்ணுமில்லீங்க. உப்பு போட்டா கெட்ட கிருமி அடங்கிரும், நல்லது பொழைச்சுக்கும். காய் தண்ணிக்குள்ள முங்கியிருக்கோணும். அப்பப்ப மூடியத் தொறந்து காத்த விட்டுரோணும். மறந்தா கூரைக்குப் போயிரும்.”

மாவைக் கலக்கக் கையை நீட்டினேன். அவள் பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. கையில என்னங்க இருக்கு? மாவுலயே கிருமி இருக்குது. அதுக்கு வெதுவெதுப்பு வேணும், அவ்வளவுதான். பின்னாடி தள்ளியிருக்கற உங்க சமையக்கட்டுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, அதான் பொங்குது. நான் மாவ ஏசியில வெச்சேன், என் தப்பு.”

“மார்கழியில மத்த வீட்டுல பொங்குதே?”

“நீங்க புக்கு படிச்சுக்கிட்டே கலக்குறீங்களாமா. அவ்வளவு நேரம் கலக்குனா யார் மாவும் பொங்குமுங்க.”

இந்தப் பேச்சு படியிறங்கித் தெருவுக்குப் போனால் நான் பட்டறையில் நிற்பேன்.

“சரி, ஆடிக் கூழுல பாத்துருவோம்” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. சனிக்கிழமையே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிட வேண்டும். காலையில் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி மதியம் ஊற்றுவார்கள். “ரெண்டு அண்டா. ஒண்ணு உங்க கை. இன்னொண்ணு நான், வெறும் துடுப்பு. ரெண்டும் ஒண்ணாப் பொங்குச்சுன்னா, கைராசின்னு ஒண்ணு இல்லைன்னு உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லோணும்.”

வாயில் இன்னும் கிம்ச்சி இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை கோயில் வாசலில் பந்தல், சீரியல் லைட், காது கிழியும் ஸ்பீக்கர். அழகேசன் என் கையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்.

“கைய வுடு நைனா. ஆத்தா பாத்துப்பா. அந்தாண்ட அண்டா யாரு?”

“மேல் ஊட்டு மேடம்.”

“ஐடி பொண்ணா? செய்யட்டும், புண்ணியம் அதுக்கும் வேணுமில்ல.”

கிருஷ்ணப்பிரியா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் உயரத்துக்கு இருந்த மரத் துடுப்பால் கரைத்தாள். ஒரு விரல்கூட மாவில் படவில்லை. அடுத்தது என் முறை என்றபோது அவள் போன் அடித்தது. “ஆபீஸ்ல கூப்பிடறாங்க. ஏமாத்திராதீங்க” என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவள் சிரிக்காமல் போயிருக்கலாம். ஏமாற்றலாம் என்ற யோசனையே அப்போதுதான் வந்தது.

அழகேசனும் மற்றவர்களும் தீபாராதனைக்கு உள்ளே போயிருந்தார்கள். பந்தல் ஓரத்தில் விறகடுப்பில், பாத்திரம் கழுவ வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பு வேண்டும் என்று அவள்தானே சொன்னாள்? வெதுவெதுப்பே மாவைப் பொங்கவைக்கும் என்றால் வெந்நீர் இன்னும் எவ்வளவு பொங்கவைக்கும்! மொழிபெயர்ப்பு நாவல் படித்துச் சேர்த்த அறிவு முழுவதையும் திரட்டி இந்த முடிவுக்கு வந்தேன். இரண்டு வாளி மொண்டு என் அண்டாவில் கொட்டினேன். யாரோ வரும் சத்தம் கேட்டது. அவசரமாகக் கையை விட்டேன்.

முழங்கை வரை போய்விட்டது.

கத்தினால் மாட்டிக்கொள்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவி, தூக்கிப் பிடித்தபடி குதித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடம்பு தன்னால் ஆடியது. வந்தது நாகம்மா அக்கா.

“யக்கோவ் வசந்தா! ஓடியா! உன் புள்ள மேல ஆத்தா வந்துகினு கீறா!”

மேளக்காரன் எங்கிருந்து முளைத்தான் என்று தெரியவில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வெந்த கைக்கு அது மட்டும் இதமாக இருந்தது. வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள், கசப்பில் துப்பினேன். அழகேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் காலில் விழுந்தார்.

“தாயே, எதுனா சொல்லு தாயே!”

“கை...” என்றேன்.

“கையில கீறாளாம்!” என்றார் அழகேசன். கூட்டம் குலவையிட்டது. அம்மா அழுதாள், பெருமையில்.

ஞாயிறு காலை அண்டாக்களின் துணியை அவிழ்த்தார்கள். துடுப்பு அண்டாவில் மாவு நுரைத்து, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. புளித்த வாசனை கோயில் வாசல் வரை வந்தது. என் அண்டாவில் மாவு பாதி வெந்து, களியாக இறுகி, சித்திரை மாத ஏரி போல வெடித்துக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. உள்ளேயிருந்த நல்ல கிருமி கெட்ட கிருமி எல்லாவற்றையும் நான் ஒரே நேரத்தில் வழியனுப்பியிருந்தேன்.

கிருஷ்ணப்பிரியா இரண்டையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அதை நான் துண்டில் சுற்றியிருந்தேன்.

அழகேசன் நுரையில் விரலை விட்டு நக்கினார். முகம் மலர்ந்தது. “இதாம்பா கை! ஆத்தா எறங்குன கை! பாரு, எப்டி பொங்கிகினு கீது!”

இரண்டும் ஒரே மாதிரி அண்டா, அவர் மாற்றிப் புரிந்துகொண்டார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். தொட்டி நிழல், நாவல், பனி எல்லாம் என்னுடையவை.

“அப்ப அந்தப் பொண்ணு அண்டாதான் இப்டி செத்துப்போச்சா?” என்றாள் நாகம்மா அக்கா. குரலைத் தாழ்த்தினாள். ஆனால் அவள் தாழ்த்திய குரல் ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்டது. “ஏம்மா, நீ சுத்தபத்தமாத்தான் வந்தியா? ஊட்டுக்குத் தூரமா இருந்துகினு சாமி காரியத்துல கை வெச்சிட்டியா?”

பெண்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். கிருஷ்ணப்பிரியாவின் காது சிவந்தது. “அதெல்லாம் இல்லீங்க” என்றாள். யாரும் நம்பவில்லை. அழகேசன் தரையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“யக்கா” என்றேன். “பொங்குனது அவங்க அண்டா. செத்தது என்னுது.”

“இன்னாடா ஒளர்ற?”

துண்டை அவிழ்த்தேன். கை முழங்கை வரை கொப்புளம். “வெந்நி ஊத்திட்டேன். சீக்கிரம் பொங்கட்டும்னு. நேத்து ஆத்தா வர்ல. கை வெந்துபோச்சு.”

அழகேசன் என் காலில் விழுந்ததை நினைத்துக்கொண்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

“டேய், சோமாறி” என்றார் நிதானமாக. “அதான் வேப்பிலைய அப்டி துப்புனியா?”

“இன்னிக்கு கூழு இன்னா ஆவுறது?” என்று அம்மா அடித்தொண்டையில் கேட்டாள்.

கிருஷ்ணப்பிரியா அதற்குள் துடுப்பை எடுத்திருந்தாள். “மாவு ஆறிப்போச்சில்லீங்க? அப்ப பொழைக்க வெச்சரலாம்.” நுரைத்த அண்டாவிலிருந்து குடம் குடமாக மொண்டு என் களியில் ஊற்றி உடைத்துக் கரைக்கச் சொன்னாள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் என்றதும் பெண்கள் நெருங்கி வந்தார்கள். அண்டாவை வெயிலில் தள்ளினார்கள். மதியத்துக்குள் ஓரமாக நாலைந்து குமிழிகள் வந்தன. முழுப் புளிப்பு வரவில்லை. நொய்யோடு காய்ச்சி, மோர் ஊற்றிச் சரிக்கட்டி, வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்து ஊற்றிவிட்டோம். வரிசையில் நின்றவர்களில் இரண்டாம் தடவை வந்தவர்களும் உண்டு.

“கை ஆறட்டும்” என்றார் அழகேசன், சொம்பை நக்கிக்கொண்டே. “ஆறுன மறுநாளு பட்டறை. இனிமே வசந்தா ஒண்ணும் பேச முடியாது.”

அம்மா அவர் சொம்பை வாங்கிக் கழுவப் போட்டாள். கைராசி என்று ஒன்று இல்லை என்று அவளிடம் நான் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் நம்பிக்கை அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

துடுப்புக்கு.

அடுத்த வாரமே அந்தத் துடுப்பு வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. துடுப்பு பட்டால் மாவு எகிறுகிறதாம். இட்லி மாவுப் பாத்திரத்துக்குள் அது நுழையாது என்பதால் காம்பின் நுனியை முக்கி எடுக்கிறார்கள். ஐதீகம். கிருஷ்ணப்பிரியா மாடிப்படியில் நின்று, “துடுப்புலயும் ஒண்ணுமில்லீங்க, வெதுவெதுப்புதானுங்க” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அடக்கமான பொண்ணு என்று பேர் வந்தது.

நான் இப்போது பட்டறைக்குப் போகிறேன். இரும்புத் தூளும் எண்ணெய் வாடையும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அத்தியாயமும். கை ஆறிவிட்டது, தோல் மட்டும் இன்னும் வேறு நிறம். முதல் நாள் கிளம்பும்போது கிருஷ்ணப்பிரியா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு கீழே வந்தாள்.

“மாவ இனிமே உங்க சமையக்கட்டுல வெச்சுக்கட்டுமாங்க? ஆஸ்பெஸ்டாஸ் சூடு எங்க வீட்டுல இல்ல. சாயங்காலம் வெச்சுட்டு, காலையில வந்து எடுத்துக்கறேன்.”

“வெறும் சூட்டுக்குத்தானே?” என்றேன்.

“பின்னே, உங்க கைக்கா?” என்றாள்.

என் டிபன் பாக்ஸ் மேல் ஒரு சின்ன ஜாடி கிம்ச்சியை வைத்துவிட்டுப் படியேறினாள். சாப்பாட்டு நேரத்தில் திறந்தபோது பக்கத்து மிஷின் மனோகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மச்சான், எலி எதுனா செத்து கீதா?” என்றான்.

ஒரு வாய் கொடுத்தேன். இரண்டாவது வாய்க்கு அவனே கையை நீட்டினான்.