சீமைத்தழைக்கு ஒரு வேலி

ரோச் வேலி கட்டிக்கொண்டிருந்தான். பழைய பெட்டிப் பலகைகளை ஊன்றி, சீமைக்கருவேல முள்ளை ஒடித்துச் சொருகி, கிணற்றடிப் பாத்தியைச் சுற்றி வளைத்தான். பக்கத்து வீட்டு கிளாடிஸின் ஆடு முந்தின நாள் பாத்தியின் ஒரு மூலையை மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. அவன் பெண்டாட்டி பிளாரன்ஸ் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து அரைச்செம்பு எடுத்துவந்து செடிகளுக்கு ஊற்றினாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. பட்டாலே இலை கருகிவிடும்.

"ஏளா, எனக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்து ஊத்த மாட்டேங்கெ."

"நீங்களும் பாத்தியில வந்து நில்லுங்க, ஊத்துதேன்."

அவளுடைய அண்ணன் இனிகோ கப்பல் வேலையில் இருந்தான். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிய வருடம் விடுமுறைக்கு வந்தவன், ஹாம்பர்க்கில் வாங்கிய விதையைக் கொடுத்தான். இங்கிலீஷில் அந்தச் செடிக்கு 'யாரோ' என்று பெயராம். அதைக் கசக்கி வெட்டுக்காயத்தில் வைத்தால் இரத்தம் நிற்குமாம். "யாரோ எவரோ, நம்மூரு வெயில்ல பொழைச்சா சரி" என்று ரோச் சிரித்தான். அது பிழைத்துக்கொண்டது. கொத்தமல்லியைவிடப் பொடியாக, இறகு மாதிரி இலை. வாயில் வைக்க முடியாத கசப்பு. மீன் அரியும்போது கையை வெட்டிக்கொண்டவர்களெல்லாம் வந்து கேட்டார்கள். தெருவில் அதற்குச் சீமைத்தழை என்று பெயராகிவிட்டது. பிளாரன்ஸ் ஆட்டுச்சாணம் போட்டு அதை வளர்த்தாள்.

கடைசி முள்ளைச் சொருகிவிட்டுப் பின்னால் நகர்ந்தபோது, கீழே கிடந்த பலகையின் துரு ஆணி ரோச்சின் குதிகாலில் ஏறியது. அவனே பிடுங்கிப் போட்டான். அவள் தழையைக் கசக்கி வைத்து அழுத்தினாள். இரத்தம் நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்திருவமா?"

"ரத்தந்தான் நின்னுட்டே. பொறவு பாப்போம்."

ரோச்சைப்போலக் கடலில் சங்கு குளிக்கிறவர்களுக்குக் காயம் என்றால் ஒரே சோதனைதான். காலைக் கடலில் வைத்தால் தண்ணீர் சிவக்கிறதா? சிவந்தால் சுறா மோந்துவிடும், படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வள்ளத்தில் ஏற்றமாட்டார். சிவக்காவிட்டால் அது காயமே இல்லை. மறுநாள் விடியலில் ரோச் முழங்காலளவு தண்ணீரில் நின்று காட்டினான். தண்ணீர் தெளிவாக இருந்தது. வள்ளத்தில் ஏறிப் போனான். அந்த வாரம் முழுவதும் முங்கினான். நல்ல சங்கு கிடைத்தது.

ஒரு நாள் காலையில் காப்பித் தம்ளரைப் பிடித்தபடி அவளையே பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். ஏதோ கேலி செய்கிறான் என்று அவளும் சிரித்தாள். "குடிங்க, ஆறிரும்" என்றாள். அவன் வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. உதடுகளை இழுத்துப் பிடித்திருந்தது நோய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். "ஊசி போட்டீங்களா?"

"அன்னைக்கே ரத்தம் நின்னுட்டு சார்."

"ரத்தம் நின்னா போதுமாம்மா? மேல மூடிக்கிட்டு உள்ளயில்லா விஷம் ஏறியிருக்கு."

வெளிச்சம் பட்டாலே வில்லாக வளைந்தவன் மூன்றாம் நாள் அடங்கினான். கோயில் மணி அடித்து, ஜெபம் சொல்லி அடக்கம் முடிந்து வந்த அன்றே கிளாடிஸ் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள், "சீமைத்தழைதான் அண்ணனத் தின்னுட்டு." பிளாரன்ஸ் எழுந்துபோய்ப் பாத்தியை வேரோடு பிடுங்கினாள். ஐப்பசி மழைக்கு, மண்ணுக்குள் ஓடியிருந்த வேரிலிருந்து அது மறுபடியும் தழைத்தது. அவள் தண்ணீர் ஊற்றவுமில்லை, பிடுங்கவுமில்லை.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் கிளாடிஸ் தன் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை துருப்பிடித்த தகரத்தை மிதித்துவிட்டது. முற்றமெல்லாம் இரத்தக் கால்தடம்.

"மயினி, ரெண்டு தழை குடுங்க."

"ஆஸ்பத்திரிக்கு வா. ஊசி போடணும்."

"மொதல்ல ரத்தம் நிக்கட்டும். பொறவு போறேன்."

பொறவு. ரோச் சொன்னதும் அதுதான். பிளாரன்ஸ் பிள்ளையின் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினாள்.

"பச்சப்புள்ள ரத்தம் சொட்டச் சொட்டப் போகுது, ஒரு தழை கிள்ளித் தர மனசில்லையே! கல்நெஞ்சுக்காரி, கேக்க ஆளில்லாம நிக்கெ!"

கிளாடிஸ் வழிநெடுக ஏசிக்கொண்டே பின்னால் வந்தாள். பிளாரன்ஸ் திரும்பவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஊசிக்கு நீண்ட வரிசை நின்றது. கிளாடிஸ் குனிந்து மகளின் காலைத் தூக்கிப் பார்த்தாள். தெருப்புழுதி அப்பியிருந்தது. வெட்டின் ஓரம் கறுத்து உறைந்திருந்தது.

"மயினி," என்றாள், குரல் தணிந்து, "ரத்தந்தான் நின்னுட்டே. திரும்பிருவமா?"

வரிசை ஓர் ஆள் முன்னால் நகர்ந்தது. பிளாரன்ஸ் பிள்ளையின் மணிக்கட்டை விடவில்லை.