ஜன்னல் திறந்திருக்கும் வீடு

கினுவேயின் உடம்பிலிருந்து நாற்றப்பூச்சியின் வாடை முதன்முதலாக வீசியது, சோறு குழைந்துவிட்டதென்று மாமியார் தோவா அவளைத் திட்டிய ஒரு காலை நேரத்தில். அப்போது குமாசாவா கிராமத்தில் அறுப்பு முடிந்து, நெற்கட்டுகள் கம்புகளில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வருடம் ஜப்பானின் அகிதா மலைப்பக்கம் முழுக்க விளைச்சல் சுமார்தான். முள்ளங்கி மட்டும் நன்றாக வந்திருந்தது.

இலையுதிர்காலத்தில் குமாசாவாவுக்குப் பூச்சி வருவது பஸ் வருவது மாதிரி. தேவதாரு மலையில் குளிர் இறங்கியதும், காசளவு அகலமும் பழுப்பு நிறமுமாக அவை கதகதப்புத் தேடிக் கிளம்பிவிடும். ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைச் சுருட்டி அடைப்பார்கள், ஒட்டுநாடா ஒட்டுவார்கள், தேவதாரு இலையைப் புகைய விடுவார்கள். அப்படியும் மெத்தை மடிப்பிலும் சட்டைக் கையிலும் கெண்டியின் மூக்கிலும் பூச்சி இருக்கும். அதை அடித்தாலோ மிதித்தாலோ, அழுகிய கொத்தமல்லித் தழையில் மண்ணெண்ணெய் ஊற்றியது போல ஒரு நாற்றம் கிளம்பி மூன்று நாள் சோற்றில் நிற்கும். ஆகவே அந்த ஊரில் பூச்சியை யாரும் அடிப்பதில்லை. அதன் அடியில் ஒரு காகிதத்தை மெல்ல நுழைத்து, காதலியிடம் பேசுவது போல் பேசிக்கொண்டே வெளியே கொண்டுபோய் விடுவார்கள். புகழ்ச்சியை நம்பிய பூச்சி நாறாது.

இந்தக் கலையில் ஊரிலேயே கெட்டிக்காரன் கினுவேயின் புருஷன் எய்க்கிச்சி. "என் கண்ணே, உன்ன மாதிரி அழகி இந்த மலையிலயே உண்டா? வெளிய வெயில் நல்லா இருக்கு, போயிட்டு வா என் ராசாத்தி" என்று அவன் குழைந்தால், பூச்சி காலை மடக்கிக்கொண்டு காகிதத்தில் தூங்கிவிடும். காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்தபடி கினுவே அதைப் பன்னிரண்டு இலையுதிர்காலங்கள் கேட்டிருந்தாள். அவளை அவன் "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். பனி விழுந்ததும் டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவான். போகும்போது அந்த "ஏய்"யும் கூடவே போய்விடும்.

நாற்றம் வந்த அன்று, மருமகளின் கழுத்துப்பட்டைக்குள் பூச்சி இருக்கிறதென்று தோவா துழாவிப் பார்த்தாள். இல்லை. வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துத் தேய்த்துப் பார்த்தாள். "இன்னும் தேய்டி, எருமை!" என்றதும் தொட்டியே நாறியது. டவுன் டாக்டர் ஒரு பொடி கொடுத்தார். விஷயம் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. திட்டினால் நாறுகிறாள், திட்டாவிட்டால் அவள் மீது சோப்பும் சோறும் மட்டும் மணக்கின்றன. இனி வீட்டில் நல்ல வார்த்தை புழங்கும் என்று கினுவே அந்தக் குளிர்காலத்தில் உள்ளூர எதிர்பார்த்தாள். அவர்களோ அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல வார்த்தையைவிட மௌனம் மலிவு.

அடுத்த இலையுதிர்காலத்தில் அதன் பயனைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு சடாதான். ஒரு பூச்சி நாறினால் மற்றவை ஆபத்தென்று ஓடிவிடும் என்பது ஊருக்கே தெரியும். கினுவே ஒரு தட்டை உடைத்து, தோவா வாயடக்க மறந்த நாளில், அந்த வீட்டுக் கூரையிலிருந்த பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்து வாசல் வழியே வெளியேறுவதை சடா பார்த்தாள். "எய்க்கிச்சி தம்பி, உன் வீட்டுல இந்த வருஷம் ஒரு பூச்சி இல்ல! என் மெத்தைக்குள்ள திருவிழாவே நடக்குது" என்று அவள் பொருமியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

அதன் பிறகு அவன் முறையாகச் செய்தான். பிற்பகல் வெயில் விழும் மேற்கு ஜன்னலருகே அவளை நிறுத்தி "சோம்பேறி" என்பான். அடுக்களையில் அவள் பிறந்த வீட்டைப் பேசுவான். நாளாக ஆக அவளுக்குப் பழைய வசவுகள் மரத்துப்போயின, வாடை குறைந்தது. தோவா புதிதாக யோசித்துக் கொடுத்தாள். பூச்சிகள் கொத்துக்கொத்தாக அடையும் பரணுக்கென்று அவன் ஒரு வார்த்தையைத் தனியாக வைத்திருந்தான். அது, பிறந்தும் அழாமல் போன அவர்களுடைய குழந்தையைப் பற்றியது. அதைச் சொன்னால் பரண் வசந்தகாலம் வரை சுத்தமாக இருக்கும்.

ஊரும் அவளை இரவல் கேட்க ஆரம்பித்தது. வெயிலில் உலர்த்திய, தக்காளி நிறக் காக்கிப் பழமோ, புகை போட்ட முள்ளங்கியோ கொண்டுவந்து வாசலில் குனிந்து நிற்பார்கள். மரியாதையான ஊர் அது. திட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

சடாவுக்கு மட்டும் கை வரவில்லை. கினுவேயைத் தன் கூடத்தில் உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு முயன்றாள். "ஏண்டி, உன் மூஞ்சி... மூஞ்சி வந்து... ஐயோ, எனக்கு வரலையேம்மா!"

"கோணல்னு சொல்லுங்கக்கா. அது போன வாரம்கூட நல்லா வேலை செஞ்சுது" என்று கினுவே எடுத்துக் கொடுத்தாள்.

"கோணல்னு எப்படிச் சொல்றது, நேராத்தானே இருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். வாடையே வரவில்லை. பிறகு சடாவின் புருஷன் தோட்டத்திலிருந்து வந்து, கால் கழுவக்கூட நிற்காமல் அந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தான். அவனுக்கு அது சுலபமாக வந்தது. அன்று சடா இரண்டு முள்ளங்கி அதிகமாகக் கொடுத்தாள்.

கினுவே புருஷனிடம் கேட்டது ஒரே ஒருமுறைதான். அவன் பரணிலிருந்து இறங்கி வந்து கை துடைத்துக்கொண்டிருந்த சமயம். "அந்தப் பூச்சிங்ககிட்ட முன்னெல்லாம் சொல்வீங்களே, அத ஒரு தடவ எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

எய்க்கிச்சிக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. "நாறக் கூடாதுன்னுதானே அதுங்களுக்குச் சொல்றது? நீ நாறணும்னுதானே நான் தொண்டை கிழியக் கத்துறேன்? உங்கிட்ட அதச் சொன்னா வீடு என்ன ஆகுறது?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாடை மட்டும் சற்று முன்பைவிட அதிகமாக எழுந்து, முற்றத்துக் காக்கி மரத்திலிருந்த பூச்சிகளையும் விரட்டியது.

அப்படி ஏழு இலையுதிர்காலங்கள் போயின. எட்டாவதில் வசவு வேலை செய்யவில்லை. மேற்கு ஜன்னலருகே அவன் கத்தினான், ஒன்றும் வீசவில்லை. தோவா படுக்கையிலிருந்தபடியே தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கினுவேயைப் பரணுக்கு ஏற்றிக் குழந்தையைப் பற்றிய வார்த்தையையும் சொல்லிப் பார்த்தான். ரேடியோவில் வேறு ஊரின் வானிலையைக் கேட்பவள் போலக் கினுவே கேட்டுக்கொண்டு நின்றாள். "முடிஞ்சுதா? அடுப்புல மிசோ சூப் கொதிக்குது" என்றாள். அவளிடம் சோப்பு வாசனைதான் இருந்தது.

ஏழு வருடங்களாக உள்ளே வரமுடியாமல் இருந்த பூச்சிகள் எல்லாம் அந்த வாரமே வந்துவிட்டன. கூரை பழுப்பாகிக் கனத்தது. தோவாவின் போர்வை தானாக நகர்ந்தது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் வருவதற்கு முன் சிறகுச் சத்தம் வந்தது. பூச்சி மிகுந்தால் பனியும் மிகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஊரார் பனி தள்ளும் மண்வாரிகளுக்குப் புதிய பிடி போட்டுக்கொண்டார்கள். கினுவேயின் தலையிலும் தோளிலும் பூச்சிகள் உட்கார்ந்தன. அவள் தட்டிவிடவில்லை. அவையும் அவள் மீது இருக்கும்போது நாறவில்லை.

வேறு வழியில்லாமல் எய்க்கிச்சி பழைய கலைக்குத் திரும்பினான். வெயில் அடித்த ஒரு பிற்பகலில், கூடத்து நிலைப்படி முன்னால் மண்டியிட்டு, ஒரு பூச்சியின் அடியில் காகிதத்தை நுழைத்தான். முதலில் குரல் கரகரத்தது. பிறகு பிடிபட்டுவிட்டது. "என் கண்ணே... உன்ன மாதிரி உண்டா? இந்த வீட்டுக்கே வெளிச்சம் நீதான். வெளிய வெயில் நல்லா இருக்கு, போயிட்டு வா என் ராசாத்தி."

துணிக்கூடையோடு அவன் முதுகுக்குப் பின்னால் கினுவே நின்றிருந்தாள். அது யாருக்குச் சொன்னதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காதில் விழுந்த வரைக்கும் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வீட்டில் இனி இதைவிட அதிகமாக எதுவும் கிடைக்காது. கூடையைக் கீழே வைத்தாள். சமையல் மேலங்கியை அவிழ்த்து நான்காக மடித்து அதன் மேல் வைத்தாள். ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு, "சரி, போயிட்டு வரேன்" என்றாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் கூரை முழுவதும் ஒரே மூச்சில் கிளம்பியது. பரணிலிருந்தும் மெத்தையிலிருந்தும் தோவாவின் போர்வையிலிருந்தும் பூச்சிகள் எழுந்து, நீண்ட பழுப்புத் துணிபோல அவள் பின்னால் தெருவில் நீண்டன. சடா வேலியருகே முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட, இந்நேரத்துல?"

"வெளிய போகச் சொன்னாருக்கா. நல்லபடியாத்தான் சொன்னாரு."

பழுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் மலைக்கு அந்தப் பக்கம் போக ஒரு டிக்கெட் வாங்கியதாகவும், சால்வை ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தாமதமாக ஏறியதாகவும் பஸ் டிரைவர் பிறகு சொன்னார். சால்வைக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லையாம்.

அந்தக் குளிர்காலத்தில் பனி கூரை வரை விழுந்தது. தோவா அதோடு போய்ச் சேர்ந்தாள். அடுத்த இலையுதிர்காலத்தில் ஊரெல்லாம் பூச்சி வந்தது, கினுவே விட்டுப்போன வீட்டுக்கு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. எய்க்கிச்சி ஒட்டுநாடாவைப் பிய்த்தான், இடுக்கிலிருந்த செய்தித்தாளை உருவினான், ஜன்னல்களை முழுக்கத் திறந்துவைத்தான். காகிதத்தைக் கையில் ஏந்தியபடி மேற்கு ஜன்னலில் நின்று, கண்ணே என்றும் ராசாத்தி என்றும் மலையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"ஏன் தம்பி, பூச்சியக் கூப்பிடுறியா, பொண்டாட்டியக் கூப்பிடுறியா?" என்று சடா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"எது வந்தாலும் சரிதான்க்கா."

"அவ பேரு கினுவே. அதச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு."

அவன் வாயைத் திறந்தான். அந்தப் பெயர் அவன் நாக்குக்குப் பழக்கமில்லை. வெகுநேரம் நின்றும் அது வரவில்லை. பிறகு வழக்கம்போல ராசாத்தி என்றே கூப்பிட்டான்.

அந்த வருடம் மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அடுப்பு எரிப்பது வீண்செலவு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். இப்போது குமாசாவாவில் யாராவது வழி கேட்டால், பூச்சி வராத வீட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்புங்கள் என்கிறார்கள். பனியிலும் ஜன்னல் திறந்திருக்கும், தவறவிட முடியாது. அங்கிருந்து பஸ் நிறுத்தம் பக்கம்தான்.