பாதியில் நின்ற பிறந்தநாள்

மேலகரம் ஆவுடைநாயகத்தின் மகன் மந்திரமூர்த்திக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதம் நாலு வயது. அறுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்திலும் நாலு வயதுதான். இடையில் பையனுக்கு மூன்று தடவை காய்ச்சல் வந்தது, ஒரு தடவை அம்மை போட்டது, வயது மட்டும் ஏறவில்லை. வைத்தியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் பையனின் அத்தை உலகம்மாளுக்குத் தெரியும். அவளுக்கும் அவளுடைய அண்ணன் ஆவுடைநாயகத்துக்கும் நடந்த ஒரு பேச்சில் அது தொடங்கியது. அந்தப் பேச்சை அவள் ஒரு சொல் விடாமல் மனதில் வைத்திருந்தாள்.

"என்னட்டீ, தாம்பாளத்தோட வந்திருக்கே?"

"பிள்ளைக்குக் காது குத்துதோம் அண்ணே. வார புதன்கிழமை."

"குத்துங்க. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"தாய்மாமன் மடியில உக்காத்தி..."

"ரேடியோ செட்டுக்காரன் பிள்ளைக்கு என் மடி எதுக்கு? அவந்தான் ஊர் ஊரா ஒரு குழாயைத் தூக்கிட்டு அலையுதானே. அது மேல உக்காத்தி வச்சுக் குத்து."

உலகம்மாள் வெற்றிலை வாடுவதற்குள் தாம்பாளத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அந்தப் புதன்கிழமை ஒலிபெருக்கிக் குழாயை வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு சேலையை மடித்துப் போட்டு, ஒரு வயதுப் பெண்குழந்தை செண்பகவல்லியை அதன்மேல் உட்கார வைத்தாள். தென்காசி ஆசாரி தயங்கினார். "சொன்னது எங்க அண்ணன். குத்துங்க" என்றாள். குழாயில் வயர் கொடுத்திருக்கவில்லை, பேட்டரியும் கிடையாது. இருந்தாலும் குழந்தை அழுத அழுகை மேலகரத்தில் ஆவுடைநாயகத்தின் வீட்டில் மட்டும் பொழுது சாயும்வரை கேட்டது. அவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டார். இரண்டு தடவை மோர் வாங்கினார் என்று சமையல்காரி பிறகு சொன்னாள்.

அண்ணனுக்குக் கோபம் வரக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய கல்யாணத்துக்குப் பந்தலில் குழாய் கட்ட வந்தவன்தான் சுடலைக்கண்ணு. தென்னை மரத்தின் உச்சியிலிருந்து அவன் கீழே பார்த்தபோது முறத்தோடு நின்ற உலகம்மாள் மேலே பார்த்தாள். மூன்று நாள் கல்யாணத்தில் அவன் ஒரே பாட்டைப் பதினேழு தடவை போட்டான். யாருக்காகப் போட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. நாலாம் நாள் செட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் இசைத்தட்டுப் பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் உட்கார்ந்து அவளும் போய்விட்டாள். நிலமும் நீச்சுமாக இருந்த குடும்பத்தின் ஒரே பெண் ரேடியோ செட்டுக்காரனோடு போனதை அண்ணனால் தாங்க முடியவில்லை. தனக்குத் தங்கையே கிடையாது என்று பேச ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அவருக்கே அது உண்மை போலத் தோன்றிவிட்டது.

குழாயடியிலேயே நின்று நின்று சுடலைக்கண்ணுவின் காது மூன்றே வருஷத்தில் அடைத்துப் போயிற்று. அதற்குப் பிறகு மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவதும் வண்டி ஓட்டுவதும் அவன் வேலை, பாட்டுப் போடுவது அவள் வேலை என்று ஆயிற்று. பொம்பிளை பாட்டுப் போடுகிறாள் என்று பார்ப்பதற்கே கூட்டம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமும் அந்தப் பக்கம் வந்தது. செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் துரைமார் பிள்ளைகளுக்குச் செய்ததைப் பார்த்துவிட்டு வந்த தரகர்கள் தங்கள் வீட்டிலும் செய்தார்கள். கல்யாணத்துக்கு எந்தப் பாட்டு, சடங்குக்கு எந்தப் பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாளுக்கு எந்தப் பாட்டு என்று யாருக்கும் தெரியாது. உலகம்மாள் அவளாகவே ஒரு முறையை உண்டாக்கினாள். முதலில் சாமிப் பாட்டு இரண்டு, பிறகு குழந்தைகள் குதிப்பதற்கு வேகமான பாட்டுகள், கடைசியில் ஒரு தாலாட்டு இசைத்தட்டு. அது ஓடி முடிந்த பிறகுதான் பிள்ளையின் வாயில் இனிப்பு வைக்க வேண்டும். "இந்தப் பாட்டு முடிஞ்சாத்தான் வயசு ஏறும்" என்பாள். தொழிலுக்காகச் சொன்னதுதான். ஆனால் குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலம்வரைக்கும் ஜனங்கள் அதை நம்பினார்கள், பாட்டு முடியும்போது பிள்ளைகள் அரை விரல்கடை உயர்ந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். கால்சட்டை குட்டையாகிவிடும் என்று தையல்காரர் மசூது பிறந்தநாள் துணிகளில் மடிப்பை எப்போதும் தாராளமாகவே விட்டுத் தைத்தார்.

ஐம்பத்து நான்காம் வருஷம் ஆவுடைநாயகம் மகனுக்கு ஐந்தாம் பிறந்தநாளைத் தாசில்தாரை அழைத்துக் கொண்டாடினார். செட்டுக்குச் சொல்லி அனுப்பியது அவருடைய மனைவி நாச்சியார். மதினியும் நாத்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலாவது உறவு திரும்பும் என்று அவள் நினைத்தாள். அது நல்ல எண்ணம்தான். சுடலைக்கண்ணு முற்றத்து மாமரத்தில் குழாயைக் கட்டினான். உலகம்மாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அண்ணன் வாயால் 'வா' என்று ஒரு சொல் சொன்னால் காதுகுத்துப் பேச்சை அன்றோடு மறந்துவிடுவது என்று வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சாமிப் பாட்டு முடிந்தது, வேகமான பாட்டுகள் முடிந்தன, தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி புதுச் சட்டையோடு மணை மேல் உட்கார்ந்து இனிப்புக்காக வாயைத் திறந்து வைத்திருந்தான். அப்போது தாசில்தாரின் மனைவி கேட்டாள்.

"பாட்டுப் போடுத பொம்பிளை உங்க சாடையாவே இருக்காளே. சொந்தமா?"

"யாருன்னே தெரியாது" என்றார் ஆவுடைநாயகம். "செட்டோட கூலிக்கு வந்தவ."

இரண்டு முழத் தூரத்தில் நின்ற உலகம்மாள் பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

சுப காரியத்தில் ஓடுகிற இசைத்தட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். அவளே வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்தது. அன்றைக்குத் தெரிந்தே நிறுத்தினாள். என்ன ஆயிற்று என்று கை ஜாடையில் கேட்ட கணவனிடம் இசைத்தட்டு கீறிவிட்டது என்று காட்டினாள். அண்ணன் சொன்னது அவன் காதில் விழவில்லை. விழாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இனிப்பை நாச்சியார் எப்படியோ பிள்ளை வாயில் வைத்தாள். அவன் அதைத் துப்பிவிட்டான்.

அடுத்த ஆனியில் அந்தப் புதுச் சட்டை அவனுக்கு அப்படியே பொருந்தியது. அதற்கடுத்த ஆனியிலும் பொருந்தியது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அவனைத் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவந்து காதைத் தொடச் சொன்னார், எட்டவில்லை, வருஷா வருஷம் எட்டவில்லை. பால்பல் ஒன்றுகூட ஆடவில்லை. நாச்சியாரின் இடுப்பில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் பள்ளமாகிவிட்டது. ஆவுடைநாயகம் சும்மா இருந்துவிடவில்லை. திருநெல்வேலியிலிருந்து செட் வரவழைத்தார், பாட்டு பாதியில் நின்றது. மதுரையிலிருந்து வரவழைத்தார், அதுவும் அதே இடத்தில் நின்றது. இயந்திரத்தில் கோளாறு என்று ஒரு நாயனக்காரரைக் கூப்பிட்டார். பாதி வாசிப்பில் அவருக்கு மூச்சு எங்கேயோ போய்விட்டது, வீரகேரளம்புதூர் தாண்டிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஐம்பத்தெட்டில், வீட்டில்தான் தோஷம் என்று, குற்றாலத்தில் ஒரு பங்களாவை எடுத்து நட்சத்திரத்துக்கு முதல் நாளே அங்கே கொண்டாடினார். பாட்டு பாதியில் நின்றதோடு பேரருவியின் சத்தமும் நின்றது. தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது, குளித்தவர்கள் தலையில் அடி பட்டது, சத்தம் மட்டும் ஒரு நாழிகைக்கு இல்லை. சாரல் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இது இங்கே வழக்கம் போல என்று எண்ணிக்கொண்டார்கள்.

உலகம்மாள் வேறொரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தாள். ஒவ்வொரு ஆனியிலும் பையன் பிறந்த நட்சத்திரத்தன்று, யாரும் கூப்பிடாமலே, அண்ணன் வீட்டுக்கு எதிரே பொது ரோட்டில் வண்டியை நிறுத்துவாள். பூவரச மரத்தில் குழாய் ஏறும். மேஜையில் அதே தாலாட்டு இசைத்தட்டை வைத்து, ஊசியைச் சரியாக நிறுத்திய இடத்துக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் மைக் உயிரோடு இருக்கும். பொழுது இறங்கியதும் எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். முதல் வருஷமே நாச்சியார் ஓடிவந்து காலில் விழப் போனாள்.

"ஏளா உலகு, பச்சப்பிள்ள என்னளா பாவம் செஞ்சான்?"

"அவன் ஒரு பாவமும் செய்யல மதினி. நீங்களும் செய்யல. கேக்க வேண்டியவரு வாயைத் தெறந்து கேக்கட்டும்."

"அவுக கேக்க மாட்டாகளே."

"அப்பம் நானும் நிக்கேன். எனக்குக் கால் வலிக்கல."

கேட்க வேண்டியவர் வெளியே வராமலும் இல்லை. முதல் வருஷம் வந்து திட்டினார். மைக் எதிரே இருந்ததால் திட்டு குற்றாலம்வரைக்கும் போயிற்று. இரண்டாம் வருஷம் வந்து தொண்டையைச் செருமினார். மூன்றாம் வருஷம் மைக் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இந்த வருஷம் சாரல் பிந்தும் போல இருக்கு" என்றார். நாலாம் வருஷம் நாற்று நடவைப் பற்றி. ஐந்தாம் வருஷம் சிற்றாற்றில் தண்ணீர் முறை பற்றி. அவர் சொன்னவை எல்லாம் பெரும்பாலும் பலித்தன. அதனால் விவசாயிகள் அந்த நாளை எதிர்பார்த்து, மேற்கொண்டு விதைப்பை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள். பேசி முடித்ததும் அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவார். தையல்காரர் மசூது ஒவ்வொரு வருஷமும் பையனுக்கு இருக்க வேண்டிய வயதுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் நிற்பார், சட்டையை மடித்துத் திரும்ப எடுத்துப் போவார்.

உலகம்மாளுக்கு அது இனித்தது. அதை மறைப்பதற்கில்லை. அண்ணனின் மீசை நரைத்ததும், தாசில்தார் மாற்றலாகிப் புதுத் தாசில்தார் அவர் வீட்டுப் படியேறாததும் அவளுக்குத் தெரிய வந்தன, அன்றைக்கெல்லாம் அவள் ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள். ஆனால் மந்திரமூர்த்தி அத்தை குடியிருந்த தென்காசிக்கு வர வழி கண்டுபிடித்துவிட்டான். எந்த வண்டியிலாவது தொற்றிக்கொண்டு வந்து, இசைத்தட்டுகளுக்கு நடுவே அத்தையின் மடியில் ஏறி உட்காருவான். கழிந்த வருஷங்களின் அறிவெல்லாம் அவன் தலையில் இருந்தது, மடி மட்டும் நாலு வயதுக்குத் தேவைப்பட்டது. அவள் தள்ளிவிட மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள். செண்பகவல்லி பாவாடை விட்டுத் தாவணிக்கு வந்தாள், தாவணியோடு அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். அவன் அவளுக்குத் தாய்மாமன் மகன். முறைமாப்பிள்ளை. "ஏட்டி செண்பகம், உன் மாப்பிள்ளைக்கு மூக்கைத் தொடச்சு விடு" என்று பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கேலி செய்தார்கள். அவள் துடைத்துவிட்டாள். அறுபத்து நாலில் அவள் சிரிக்காமல் துடைத்துவிட்டாள் என்பதை உலகம்மாள் கவனித்தாள். கவனித்தும், அந்த ஆனியில் செட்டைக் கட்டி ஊசியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அந்த வருஷம் அண்ணன் மலைப் பயிரைப் பற்றிப் பேசினார்.

ஒருநாள் மடியில் இருந்தபடியே பையன் கேட்டான். "அத்தை, நான் கேட்டா மீதியைப் போடுவீங்களா?"

"நீ கேக்கப்படாது."

"ஏன்?"

"நீ கேட்டா நான் போட்டுருவேன். அதான் கேக்கப்படாதுங்கேன்."

அவன் கேட்கவில்லை. அவனும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அறுபத்தைந்து தை மாதம் ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சில் வலி வந்தது. வைத்தியர் மாடிப்படி ஏறக் கூடாது என்றார். கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப யோசித்தார். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன் நாலு வயதுப் பிள்ளை. பானையைத் தூக்கத் தோள் காணாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாச்சியாருக்குத் தெரிந்திருந்தது.

ஆனியில் அந்த நாள் வந்தது. மேற்கே மலை தெரியாதபடி சாரல் இறங்கியிருந்தது. உலகம்மாள் வழக்கம்போல வண்டியை நிறுத்தினாள். அவள் தலையும் பாதி நரைத்திருந்தது. சுடலைக்கண்ணு பூவரசில் ஏறினான், இப்போது மெதுவாகத்தான் ஏற முடிந்தது. இசைத்தட்டின் மேல் தூறல் படாமல் செண்பகவல்லி குடை பிடித்தாள். விவசாயிகள் மழை பற்றிக் கேட்க வந்து நின்றார்கள். மசூது பதினாறு வயதுக்கான சட்டையோடும் ஒரு நாலு முழ வேட்டியோடும் நின்றார். மந்திரமூர்த்தி நாச்சியாரின் இடுப்பில் இருந்தான். வாசல் கதவு திறந்தது. ஆவுடைநாயகம் கம்பை ஊன்றிக்கொண்டு, படிக்குப் படி நின்று, ரோட்டைக் கடந்து மைக் எதிரே வந்தார். மூச்சு வாங்கும் சத்தம் குழாய் வழியாகக் குற்றாலத்துக் கடைத்தெருவில் கேட்டது.

"அண்ணாச்சி, இந்த வருஷம் சாரல் எப்படி?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நான் மழையைப் பத்திப் பேச வரல வே" என்றார் அவர்.

உலகம்மாள் ஊசியைப் பிடித்த கையை அசைக்கவில்லை. இறக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கப் போகிறதை ஒரு சொல்கூடக் குறையாமல் வாங்கிவிட வேண்டும் என்று அவளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என் தங்கச்சி உலகம்மா" என்றார் ஊரைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "கூலிக்கு வந்தவன்னு சொன்னேன். சொன்னது நாந்தான். என் பிள்ளைக்கு வயசு ஏறட்டும் தாயி. மிச்சப் பாட்டையும் போட்டு விடு."