நின்னாப் போதும்

நந்தகுமாருக்கு உயரத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க. திருச்செங்கோட்டுல டவுன் பஸ் ஏறுனா கழுத்தை மடக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். அப்பா மாரியப்பன் போர்வெல் ரிக் வண்டியில ட்ரில்லர். வருசத்துல பாதி நாள் மத்தியப் பிரதேசத்துல எவனோ ஒருத்தன் காட்டுல போர் போட்டுக்கிட்டு இருப்பாரு. டிகிரி முடிஞ்ச கையோட பையனையும் வண்டியில ஏத்திக்கறதுன்னு முடிவு பண்ணி, மேனேஜருகிட்டயும் சொல்லி வெச்சுட்டாரு. ஆக, பேஸ்கட்பால் தட்டுறதெல்லாம் இந்த வருசத்தோட சரி.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மேட்ச். கப்பு வேண்டாம், மெடல் வேண்டாம். காலேஜ் பேரு போட்ட பனியனைப் போட்டுக்கிட்டு, எதுக்க அஞ்சு பேரு நிக்க, ஒரு மேட்ச் ஆடிப் பாத்துடணும். ஃபர்ஸ்ட் இயர்ல சீனியருங்க பெஞ்சுலயே உக்கார வெச்சுட்டானுங்க. செகண்ட் இயர்ல சீசன் ஆரம்பிக்கற வாரத்துல கணுக்கால் பெரண்டு போச்சு. மூணாவது வருசம் அவனே கேப்டன். காலும் நல்லா இருந்துச்சு, டீமும் நல்லா இருந்துச்சு. மேட்ச் மட்டும் வரல.

அந்தக் கெரகத்தைக் கேளுங்க. மொத மேட்சுக்குப் பஸ் ரிப்பேர்னு பி.டி. சார் கைலாசம் சொன்னாரு. அடுத்ததுக்கு இன்டர்னல் எக்ஸாம். அதுக்கும் அடுத்ததுக்கு, போற ஊருல தேர் இழுக்கறாங்க, ரோட்டை அடைச்சிருப்பாங்கன்னாரு. "தேரு கோர்ட்டுக்குள்ளயுங்களா சார் வருது?" அப்படின்னு மல்லசமுத்திரத்து மோகன்குமார் வாயை அடக்க முடியாமக் கேட்டுப்புட்டான். அன்னைக்கு அவன் கிரவுண்டைச் சுத்தி ஓடுன ஓட்டத்துல ரெண்டு நாள் மாடிப்படி ஏற முடியல.

மொத மேட்ச் போனப்ப நந்தகுமார் பாத்ரூம்ல தண்ணியைத் தொறந்து விட்டுக்கிட்டு அழுதான். ரெண்டாவது போனப்பக் கோவம் வந்து லாக்கர் கதவை உதைச்சான். மூணாவதுக்கு ஒண்ணுமே வரல. பல்லு புடுங்க ஊசி போட்டதுக்கப்புறம் கன்னத்தைத் தொட்டா அடுத்தவன் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்துச்சு. காலையில எந்திரிப்பான், பிராக்டிஸுக்குப் போவான், பந்தைக் கூடையில போடுவான், வந்து தோசை திம்பான். எதுலயும் ருசி இல்ல.

ஹாஸ்டல்ல அவன் ரூம்மேட்டு செந்தமிழன். வாலிபால் கேப்டன். பள்ளிபாளையத்துப் பையன், நல்ல பையன், வாய் ஓயாமப் பேசுவான். அவங்க சீசன் வேற தினுசு. இவனுங்களால போகவே முடியாது; அவனுங்க போற எடத்துல எல்லாம் எதிர் டீம் வராது. வாக்ஓவர். அம்பயர் வருவாரு, இவனுங்க வரிசையா நிப்பானுங்க, விசில் ஊதுவாரு, ஜெயிச்சாச்சு.

"ஒரு சர்வீஸ்கூடப் போடாம ரெண்டு கப்பு வாங்கிட்டேன் மச்சி. கையில வாங்கறப்ப வெக்கமா இருக்குது"ன்னு செந்தமிழன் சொல்லுவான்.

"எங்களுக்கு ஒண்ணு குடு. நாங்களாச்சும் வெக்கப்பட்டுக்கறோம்"னு நந்தகுமார் சொல்லுவான். ரெண்டு பேரும் சிரிப்பானுங்க. ரெண்டு மடையனுங்களுக்கும் இதையும் அதையும் சேத்து வெச்சுப் பாக்கத் தோணல.

தோண வெச்சது கைலாசம் சாரோட போனு. சாருக்குக் காது கொஞ்சம் மந்தம். யாருகிட்டப் பேசுனாலும் ஸ்பீக்கர்ல போட்டு, போனை வாய்க்கு நேரா ரொட்டித் துண்டாட்டம் புடிச்சுக்கிட்டுத்தான் பேசுவாரு. ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் பின்னாடி நின்னு நந்தகுமார் பந்துக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருந்தான். உள்ள சாரு சேலத்துக் காலேஜ் பி.டி.கிட்டப் பேசறாரு.

"ஜோன் பேஸ்கட்பால்ல சனிக்கெழம உங்களுக்கும் எங்களுக்குந்தானுங்க. என்ற பசங்க வரமாட்டாங்க, நீங்க சும்மா நின்னுக்குங்க. வாலிபால்ல நீங்க வராதீங்க, அதை எனக்கு உட்டுருங்க."

"எப்பவும் போலத்தானுங்க சார். நான் என்னைக்கு மாத்திப் பேசியிருக்கறேன்?" அந்தப் பக்கத்துக் குரல் சிரிச்சுது.

இதுல கைலாசம் சாரை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? ஒவ்வொரு காலேஜுக்கும் அட்மிஷன் நோட்டீஸ்ல போட்டுக்க வருசத்துக்கு ஒரு கப்பு வேணும். எல்லா ஆட்டத்துலயும் ஜெயிக்க எவனாலயும் முடியாது. அதனால பி.டி. மாருங்க அவங்களுக்குள்ளயே பேசி வெச்சுக்கிட்டாங்க. கல்யாணத்துல மொய் வைக்கிற மாதிரிதான். நீ எனக்கு வை, உன்ற ஊட்டு விசேஷத்துக்கு நான் வைக்கறேன். பஸ்ஸுக்கு டீசலும் மிச்சம், பசங்களுக்கு அடிபடாது, எல்லாருக்கும் கப்பு. ஆடணும்னு ஆசைப்படறவன் ஒருத்தன் இருப்பானேங்கறது மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

நந்தகுமார் பாட்டுக்குக் காத்து அடிச்சுக்கிட்டே இருந்தான். பந்து கல்லு மாதிரி ஆயிருச்சு. உள்ள போய்க் கத்தணும்னு தெரியுது, ஆனா கத்தறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. மறுநாள் சாரு அவனைக் கூப்புட்டு, சனிக்கெழம மேட்ச் கேன்சல்னாரு. "சரிங்க சார்"னான். அன்னைக்கே மோகன்குமார்கிட்ட எல்லாத்தையும் சொன்னான்.

"அடப்பாவி மனுசா!"ன்னு மோகன்குமார் தலையில கை வெச்சான். "செந்தமிழனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேண்டாம். நாளன்னிக்கு நாம போறோம். பஸ்ஸு நம்ம சொந்தச் செலவு. எதுக்க வந்து நிக்கறானுங்கல்ல, ஆடித்தானே ஆகணும்."

சனிக்கெழம காலையில டீம் ஏழு பேரும் சேலம் பஸ்ல ஏறுனானுங்க. பனியனை உள்ள போட்டு மேல சட்டை. வழியெல்லாம் மோகன்குமார் பாட்டுப் போட்டு அமர்க்களம் பண்ணிக்கிட்டே வந்தான். கண்டக்டர்கூட என்னடா தம்பிகளா கல்யாணமான்னு கேட்டாரு. பஸ் ஸ்டாண்டுல வாங்குன பன்னை நந்தகுமார் கடிச்சான், இனிச்சுது. பல மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் நாக்குல ருசி தெரிஞ்சுது. அதை அவன் யாருகிட்டயும் சொல்லல.

போட்டி அந்தச் சேலத்துக் காலேஜு கோர்ட்டுலயேதான். இவனுங்க உள்ள நொழஞ்சதும் அந்த ஊரு பி.டி. பாத்த பார்வை இருக்குதே! செத்தவன் எந்திரிச்சு வந்த மாதிரி பாத்தாரு.

"நீங்க... நீங்க வரலைன்னுல்ல..." பக்கத்துல அம்பயர் மோகனப்பிரியா மேடம் நிக்கறாங்க. வெளியூர்ல இருந்து ஜோன் ஆபீஸ் அனுப்புனவங்க, சின்ன வயசு, கறாரான ஆளு. யாரு சொன்னா வரலைன்னு அவங்க திருப்பிக் கேட்டா மனுசன் என்னன்னு சொல்லுவாரு? வாயை மூடிக்கிட்டாரு.

விசயம் என்னன்னா, எதிர் டீம் இல்ல. வாக்ஓவர்தானேன்னு அந்தப் பி.டி. பசங்களை லீவுக்கு ஊருக்கு அனுப்பிட்டாரு. சும்மா நிக்கறதுக்குன்னு ஹாஸ்டல்ல கெடந்த மூணு பேரைப் புடிச்சு நிறுத்தியிருந்தாரு. அதுல ஒருத்தன் செருப்போட நிக்கறான். இன்னொருத்தன் அவங்க கேப்டன் பூவரசன்; தலை ஈரங்கூடக் காயாம, போனைக் காதுல வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடக்கறான்.

"டேய், எங்கடா இருக்க? ஆத்தூரா? டேய், அவங்க வந்துட்டாங்கடா! பைக் எடுத்துக்கிட்டு வாடா!"

ஆத்தூர்ல இருந்து பறந்தா வர முடியும்? இன்னொருத்தன் மேட்டூர்ல குளிச்சுக்கிட்டு இருந்தான். மேடம் வாட்சைப் பாத்தாங்க. கால் மணி நேரம் பாப்பாங்க, அதுதான் ரூல். அது முடிஞ்சுது.

"அஞ்சு பேரு இல்லாம ஆரம்பிக்க முடியாது. வராத டீம் நீங்கதான்"னு பூவரசனைப் பாத்துச் சொன்னாங்க.

"மேடம், மூணுக்கு மூணு ஆடறோங்க மேடம். ப்ளீஸ்ங்க மேடம்."

"ரூல் இல்ல தம்பி."

மேடம் நந்தகுமார் பக்கம் திரும்புனாங்க. "கேப்டன், நீங்க வந்துட்டீங்க. அஞ்சு பேரை உள்ள அனுப்புங்க. பந்தைத் தூக்கிப் போடுவேன், ஒரு கூடை போடுங்க, முடிஞ்சுது. நாளைக்குக் காலையில உங்களுக்குக் குவார்ட்டர் ஃபைனல்."

இத்தனை மாசமா எது தனக்கு நடந்துச்சோ, அதைத்தான் தானே இன்னொருத்தனுக்குப் பண்றோம்னு நந்தகுமாருக்கு அப்பவே தெரிஞ்சுது. தெரியாமப் பண்ணுனான்னு நான் பூசி மெழுகல. நாங்க ஆடலைங்க மேடம், வெளிய போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா மேடம் சொன்னதுல 'நாளைக்கு'ங்கற வார்த்தை மட்டும் அவன் காதுல நின்னுருச்சு. நாளைக்கு ஒரு மேட்ச் இருக்குது. நிஜமான மேட்ச். எதுக்க நிஜமா அஞ்சு பேரு. உள்ள போனான்.

மேடம் பந்தைத் தூக்கிப் போட்டாங்க. எதுக்க ஆளில்லாம நந்தகுமார் எக்கித் தட்டுனான், மோகன்குமார் புடிச்சுக் குடுத்தான், இவன் ஓடிப் போயிக் கூடைக்குக் கீழ இருந்து போட்டான். கண்ணை மூடிக்கிட்டுப் போடற தூரம். வளையத்துல பட்டு வெளிய வந்துருச்சு. பந்து உருண்டு போயி, கோட்டுக்கு வெளிய நின்ன பூவரசன் கால்ல முட்டுச்சு.

பூவரசன் குனிஞ்சு எடுத்தான். நெஞ்சுக்கு நேரா சுருக்குன்னு ஒரு பாஸ் குடுத்தான். அப்படியொரு பாஸை நந்தகுமாருக்கு அவன் டீம்ல ஒருத்தனும் குடுத்ததில்ல.

"போடுங்க ப்ரோ. கூச்சப்படாதீங்க."

போட்டான். உழுந்துச்சு. விசில். மோகன்குமாரும் மத்தவனுங்களும் கத்திக் கட்டிப்புடிச்சு செல்ஃபி எடுத்துக்கிட்டானுங்க. நந்தகுமார் பூவரசன்கிட்டப் போயிக் கை குடுத்தான். சும்மாவாச்சும் ஒரு ஆட்டம் ஆடலாமான்னு கேட்டான்.

"வேண்டாம் ப்ரோ. இனி ஆடி என்ன? எனக்கு ஃபைனல் இயர்"னான் பூவரசன். கோவமாச் சொன்னா நல்லா இருந்திருக்கும். அவன் சாதாரணமாத்தான் சொன்னான்.

திரும்பி வர்ற பஸ்ல கைலாசம் சார் கூப்புட்டாரு. கிழிகிழின்னு கிழிக்கப் போறாருன்னு நந்தகுமார் தயாரா இருந்தான்.

"டேய் நந்தா! கங்கிராட்ஸ்டா சாமி! கரஸ்பாண்டன்ட் அய்யாவே போன் பண்ணிப் பாராட்டுறாருடா. அந்தச் சேலத்தாரைச் சமாதானம் பண்ணிக்கலாம், அது என்ற பாடு. இப்பக் கேளு. நாளைக்கு உங்களுக்கு எதிர் டீம் அந்த நாமக்கல் காலேஜுதான். அவங்க பி.டி.கிட்டப் பேசிட்டேன். வரமாட்டாங்க."

நந்தகுமாருக்கு ஒரு நிமிசம் வெளங்கல. "சார்?"

"வாலிபால் செமிஃபைனலும் நாளைக்கு அவங்களோடதான். அவங்க பசங்க ஒவ்வொருத்தனும் பனைமரமாட்டம் இருக்கானுங்க, எப்படியும் நம்மளைத் தூக்கிப் போட்டு மிதிச்சுருவானுங்க. இத்தனை நாளும் அவங்களோட மாத்திக்க என்கிட்ட எதுவும் இல்ல. இப்ப நீ ஜெயிச்சுட்டியே! வாலிபாலை அவங்களுக்கு உட்டுட்டேன், பேஸ்கட்பால் நமக்கு. கப்பு வரைக்கும் நான் பாத்துக்கறேன்டா."

"நாங்க ஆடறமுங்க சார். தோத்தாலும் பரவால்லீங்க சார்."

"எதுக்குடா கையைக் காலை ஒடைச்சுக்கறீங்க? காலையில காலேஜ் பஸ்ஸே அனுப்பறேன். போயி நில்லுங்க. நின்னாப் போதும். செந்தமிழன்கிட்ட ஒண்ணும் சொல்லிப் போடாத, காலையில நானே சொல்லிக்கறேன்."

"சரிங்க சார்."

பஸ்ஸை விட்டு எறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கறப்ப மோகன்குமார் என்னடா சொன்னாருன்னு கேட்டான். நந்தகுமார் சொன்னான். காலையில மிச்சம் வெச்ச பன்னை நந்தகுமார் வாயில போட்டுப் பாத்தான். அந்த ருசி இல்ல.

ரூமுல செந்தமிழன் கட்டில்ல உக்காந்து, முட்டியில மாட்டற நீ-கேப்பைத் தொவைச்சு ஃபேனுக்கு நேரா புடிச்சுக் காய வெச்சுக்கிட்டு இருந்தான். இவனைப் பாத்ததும் எந்திரிச்சு வந்து கட்டிப்புடிச்சான்.

"ஜெயிச்சுட்டீங்களாமேடா! எப்படிடா இருந்துச்சு, நிஜமா ஆடறது?"

"நல்லா இருந்துச்சு."

"எனக்கும் நாளைக்குத்தான்டா மச்சி. நாமக்கல் காலேஜ் பி.டி. எவன் சொன்னாலும் வாக்ஓவர் தராத ஆளாம். தோத்தாலும் சரி, நாளைக்கு ஆடப் போறேன். அம்மாவை வரச் சொல்லியிருக்கறேன்." பேசிக்கிட்டே ஷூவை எடுத்து வாசப்படிக்கிட்ட வெச்சான். "என்ற போன்ல சார்ஜே நிக்கறதில்ல. உன்ற போன்ல அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சுடுறா. பஸ்ஸு சீக்கிரம் வந்துரும்."

நந்தகுமார் வாயைத் தொறந்தான். செந்தமிழன் நீ-கேப்பைத் திருப்பிப் புடிச்சு இன்னொரு பக்கத்தைக் காய வெச்சான்.

நந்தகுமார் போனை எடுத்து அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சான்.