முழு அனுமதி

எங்கள் சர்வரில் நாற்பது சின்ன நிறுவனங்களின் மென்பொருள்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தனி அறையில் பூட்டி வைத்ததுபோல, அவற்றை இயக்கும் ரன்டைம் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு நினைவகம்தான், இந்தக் கோப்புகளைத்தான் தொடலாம் என்று எல்லை உண்டு. அந்த எல்லைகளை வகுப்பது என் வேலை. ஊருக்கெல்லாம் கறாராக இருந்துவிட்டுத் தம்பியிடம் கோட்டை விட்டேன்.

அவனும் இங்கேதான் புரோகிராமர். நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டது. பல் மருத்துவமனை ஒன்றுக்கு எழுதிய புரோகிராமில் புதிதாக ஒரு வசதி சேர்த்திருந்தான். மறுநாள் மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்டியாக வேண்டும். எக்ஸ்ரே படங்கள் இருந்த ஃபோல்டரை ரன்டைம் திறக்கவிடவில்லை. அதற்கு மட்டும் அனுமதி எழுத அரை மணி நேரம் பிடிக்கும். எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரே சொடுக்கில் முழு அனுமதி கொடுத்து, நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முப்பது நாளுக்கு முந்தைய கோப்புகளை அழிக்கும் பகுதி ஒன்று அந்தப் புரோகிராமில் இருந்தது. எந்த ஃபோல்டரில் என்பதைத் தம்பி காலியாக விட்டிருந்தான். காலி என்றால் சர்வர் முழுக்க. போன தடவை ரன்டைம் தடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை தடுக்க ஆளில்லை. பலருடைய கோப்புகளோடு ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் பழைய முடிவுகளும் போயின. நகலிலிருந்து பாதிதான் மீண்டது. சிகிச்சை பலிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் நோயாளிகள் திரும்பிப் போனார்கள்.

எதற்கு என்ன அனுமதி, யார் கொடுத்தது என்ற பதிவும் அதே சர்வரில்தான் இருந்தது. இரண்டு மாதப் பழசு, அதுவும் அழிந்துவிட்டது. தம்பிதான் தில்லுமுல்லு செய்து உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று மேலாளர் முடிவு கட்டினார். அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

மேஜையைக் காலி செய்துகொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, நீ மறுநாளே எடுத்துட்டேல்ல?"

"எடுத்துட்டேன்டா."

"அப்ப என் புரோகிராம்தான் எங்கயோ ஓட்டை போட்டிருக்கு. நீ குடுத்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் பையின் ஜிப்பை நானே மூடிக் கொடுத்தேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தான். "நீ எதுக்குக்கா அழற? உன்மேல ஒரு தப்பும் இல்லையே" என்றான்.