மூன்று கால் கதவு

"தள்ளுங்கக்கா, அறுத்துர்றேன்" என்று நிரஞ்சன் கதவு நிலையில் மரமறுக்கும் வாளை வைத்தான். ஜீவராணி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அப்பா பெட்டியில் கிடந்தார். வெறும் பெட்டியாக வந்தபோது அதைச் சரித்து உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது சரிக்கக் கூடாது. அம்மாவைத் தூக்கிய அன்று இந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒருக்களித்துத்தான் எடுத்தார்கள். உள்ளே ஏதோ நகர்ந்து பலகையில் இடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அப்பாவையாவது நேராக அனுப்ப வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

அம்மா போன பிறகு வந்த மழையில் முன்சுவர் சரிந்தது. தோட்டத்து ஆபீசில் ஒரு தகரம்கூடக் கொடுக்கவில்லை. அப்பா கந்தப்பன் அப்போது, ஹோட்டலாக மாறிக்கொண்டிருந்த பழைய துரை பங்களாவில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து மரச்சட்ட வீடு அது. தூணையும் உத்தரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஆணியில்லாமல் மரமுளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். அங்கே கழித்துப் போட்ட மரத்தில் உளுக்காத பாகமாகப் பார்த்து அறுத்துவந்து, அதே மாதிரி இங்கே முன்பக்கத்தைக் கட்டினார். ஆனால் கதவின் ஒரு பக்கம் இரண்டு நிலைக்கால்கள். இடையில் ஒரு முழத்துக்குப் பலகை. வாசல் இன்னும் குறுகிப்போனது.

"பங்களாவுக்கு யானை போற வாசல், நமக்கு நொண்டிக் கதவா?" என்று ஜீவராணி கத்தினாள். லயமே சிரித்தது. அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். உத்தரம் வெளிக்காலில் ஏறி நின்றது. கதவு தொங்கிய உள்கால் எதையும் தாங்கவில்லை. மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. இரண்டும் விரல் பிடிக்கிற அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதில் சேலை மாட்டிக் கிழியும்போதெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறாள்.

"வாளைக் கீழ வைடா."

முளைகளை உருவினாள். கதவும் காலும் பலகையும் ஒன்றாகக் கழன்று வந்தன. வாசல் அகலமாகத் திறந்துகொண்டது. நிரஞ்சன் கதவைத் தாங்கிக்கொண்டான்.

மலர்வளையத்தோடு வந்திருந்த ஹோட்டல் மேனேஜர் குனிந்து முளைத் துளையைத் தடவினார். "அப்படியே நம்ம பங்களா வேலை! ஒரு படம் எடுத்துக்கவாம்மா? கெஸ்டுங்களுக்குக் காட்டலாம்."

"பொணம் போகட்டுங்க சேர். அப்புறமா நல்லா எடுங்க."

பெட்டி மட்டம் குலையாமல் வெளியே போனது. உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியபோது வீடு கழுவி முடிந்திருந்தது. நிரஞ்சன் கழற்றிய கதவுக்காலைத் தூக்கிப் பிடித்தான். ஜீவராணி அம்மிக் குழவியால் முளையை அடித்தாள். விரல் பிடிக்கிற அளவு வெளியே விட்டு நிறுத்தினாள்.

"முழுசா அடிங்கக்கா. சேலை மாட்டும்."

"மாட்டட்டும்" என்றாள்.